திம்மராயனின் ஸ்டாப்வாட்ச்

மல்லாந்து கிடக்கும் வெள்ளைச் சுண்டெலியை விட்டுக் கண்ணை எடுக்காமல் திம்மராயன் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறார்: "ஐவத்தொந்து, ஐவத்தெரடு..." கழுத்தில் தொங்கும் ஸ்டாப்வாட்ச் தன்பாட்டுக்கு ஓடுகிறது. மயக்கம் தெளிந்த எலி புரண்டு நான்கு காலையும் ஊன்றியதும் பொத்தானை அமுக்குவார். வாய்க்கணக்கும் கடிகாரமும் ஒரு விநாடி பிசகாது.

கர்நாடக எல்லையோரம், தளிப் பக்கத்துக்காரர். வீட்டில் கன்னடம், கம்பெனியில் தமிழ், எண்ணுவது மட்டும் எங்கேயும் கன்னடத்தில்தான். ஓசூரில் மருந்துகளைச் சோதிக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருடமாக எலிகளைப் பார்த்துக்கொள்கிறார். எந்த மயக்க மருந்து எலியை என்ன செய்கிறது என்று ஆராய்வது படித்தவர்கள். அது விழிக்கும்வரை காவல் இருப்பது இவர். "எலி தூங்குச்சா, எந்திரிச்சுச்சான்னு பாக்குற மனுசன், நான் தூங்குனேனான்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?" என்பது மனைவி சுகுணாவின் தீராத புகார்.

அவசரம் அவருக்கு ஆகாது. சேர்ந்த புதிதில் ஒரு நாள், சாப்பாட்டு மணி அடித்த வேகத்தில், அசையாமல் கிடந்த எலிக்கு நேரே 'எழவில்லை' என்று எழுதி, பையில் போட்டு முடிச்சும் போட்டுவிட்டார். கை கழுவிவிட்டு வந்தால் பை அசைகிறது! எலி பிழைத்துக்கொண்டது, இவருக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இப்போதும் சொல்வார்: "எழுதறது எங்கீங்க ஓடிப்போவுது? நல்லாப் பாத்துட்டுத்தான் எழுதணும்."

இந்த நிதானத்தைப் பார்த்துத்தான் அங்கே கால்நடை மருத்துவராக இருந்த ஜெயசெல்வி அவரை வாத்து எண்ண அழைத்துப் போனார். வருடத்துக்கு ஒரு முறை, ஜனவரி ஞாயிறு ஒன்றில், ஊருக்கு வெளியே தாசரேரியில் பறவைக் கணக்கெடுப்பு. வடக்கேயிருந்து வலசை வரும் ஊசிவால் வாத்துகள்தான் முக்கியம். பத்து வாத்துக்கு ஒரு புளியங்கொட்டை, இடது பையிலிருந்து வலது பைக்கு. முதல் வருடம் நாற்பத்தொரு கொட்டை மாறியது. அதற்கு மேல் இரண்டு வாத்து, ஆக நானூற்றுப் பன்னிரண்டு. எண்ணி முடித்ததும் அத்தனையும் ஒரே சமயத்தில் கிளம்பின. "ஏரியே எந்திரிச்சு மேல போன மாதிரி இருந்துச்சுங்க." அந்தக் காலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கையில் உள்ள டீ ஆறிவிடும். அந்த நாற்பத்தொரு கொட்டைகளை இன்னும் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறார்.

பிறகு ஏரியைச் சுற்றி மூன்று பக்கமும் சுவர் எழும்பியது. வாய்க்காலில் தண்ணீரோடு நுரையும் வந்தது. நானூறு நூறாகி, நூறு ஒன்பதாகி, போன இரண்டு வருடமும் பூஜ்யம். மூன்றாவது பூஜ்யமும் விழுந்தால் கணக்கெடுப்புப் பட்டியலிலிருந்து ஏரியை எடுத்துவிடுவார்கள். "எண்ண ஆளே வராத ஏரிய, அப்பறம் யாருங்க ஏரின்னு சொல்லுவாங்க?"

இந்த ஜனவரியில் காலை ஆறு மணிக்கே கரையில் உட்கார்ந்துவிட்டார். ஒன்பதுக்கு ஜெயசெல்வியிடமிருந்து போன்.

"அண்ணா, என்ன கணக்கு?"

"நாமக்கோழி அறுவத்தி மூணு, கொக்கு இருவத்தேழு."

"ஊசிவால்?"

"இன்னும் வரலீங்க மேடம்."

"சைபர் போட்டுடட்டுமாண்ணா?"

"எத்தன மணி வரைக்கும் டைம் இருக்குதுங்க?"

"பத்து வரைக்கும் பாக்கலாம். அதுக்கு மேல என் கையில இல்லண்ணா."

போனைச் சட்டைப்பையில் போட்டார். தாளில் ஊசிவாலுக்கு நேரே கட்டம் காலி. பேனாவை மூடி வைத்தார். இடது பையில் கைவிட்டு, டப்பாவிலிருந்து எடுத்து வந்த நாற்பத்தொரு கொட்டைகளும் இருக்கின்றனவா என்று ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு, ஞாயிற்றுக்கிழமையிலும் கழுத்தை விட்டு இறங்காத அந்த ஸ்டாப்வாட்சை எடுத்துப் பொத்தானை அமுக்கிவிட்டு, தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்காமல் எண்ணத் தொடங்கினார்: "ஒந்து, எரடு, மூறு..."