கரண்டியக்காவின் வெள்ளிக்கிழமை

“வா இங்கே. கையை நீட்டு.”

பாத்திரம் கழுவுகிறவள் ஈரத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து உள்ளங்கையை நீட்டுகிறாள். கரண்டியக்கா அதில் சூப்பை ஒரு சொட்டு விடுகிறாள். வந்தவள் நக்கிப் பார்க்கிறாள். கூரையைப் பார்த்து யோசிக்கிறாள்.

“உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கோ, அக்கா?”

“இருக்கோன்னு என்னையே கேக்குறியா? எனக்குத் தெரிஞ்சா உன்னை எதுக்குடி கூப்பிடுறேன்?”

“இருக்குக்கா. தூக்கலாத்தான் இருக்கு.”

“அதை முதல்லயே சொல்லித் தொலையேன்!”

இது மருத்துவமனைச் சமையலறை. கரண்டியக்கா இங்கே தலைமைச் சமையல்காரி. மற்ற நாட்களில் எல்லா அண்டாக்களுக்கும் அவள் நாக்குதான் தீர்ப்பு சொல்லும். வெள்ளிக்கிழமை மட்டும் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை தண்ணீரைத் தவிர எதுவும் அவள் வாய்க்குள் போகாது. உப்புப் பார்ப்பதற்கென்று நுனிநாக்கில் வைக்கும் சொட்டுகூடக் கிடையாது. உபவாசம் என்று அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அன்றைக்கு அவள் மூடிகளைப் போடுகிற சத்தத்திலேயே மேல்மாடி வார்டு வரைக்கும் கிழமை தெரிந்துவிடும்.

“ஆண்டவருக்காகப் பட்டினி கிடக்குறீங்க, சரி. எங்க மேல ஏன்க்கா விழுறீங்க?” என்று பாத்திரம் கழுவுகிறவள் ஒருமுறை கேட்டே விட்டாள். வீட்டில் கணவரின் புலம்பலும் அதேதான். அவர் லாரி ஓட்டுகிறவர், நிதானமானவர். “ஒண்ணு சாப்பிட்டுட்டுச் சண்டை போடு. இல்லே, சண்டை போடாமப் பட்டினி இரு. ரெண்டையும் ஒரே நாள்ல வச்சுக்காதே, தாயே.”

அவர் சொல்வது நியாயம் என்று அவளுக்குத் தெரியும். சாயங்காலம் அடுப்பு மேடையைத் துடைக்கும்போது, அன்றைக்கு யார் யாரைக் கடித்துக் குதறினாள் என்று ஒவ்வொருவராக நினைத்து ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்பாள். துடைத்து முடிப்பதற்குள் துணி சரியாகப் பிழியப்படவில்லை என்று இன்னொருத்தியைக் கடித்திருப்பாள். அவளுக்கு முன்னால் போகிற கோபத்தை அவளுடைய ஜெபம் பின்னாலேயே துரத்திக்கொண்டு ஓடும். இன்னும் பிடித்தபாடில்லை.

பெயருக்குக் காரணம் அந்தக் கரண்டி. ஏப்ரன் நாடாவில் எப்போதும் ஒன்று செருகியிருக்கும். வழி கேட்கிறவர்களுக்கு அதை நீட்டித்தான் வழி காட்டுவாள். நோயாளிகளின் தட்டுகளுக்கு நிறம் நிறமாக மூடிகள் உண்டு: சர்க்கரைக்காரர்களுக்கு நீலம், உப்பு ஆகாதவர்களுக்கு வெள்ளை, மற்றவர்களுக்குச் சிவப்பு. மூடி மாறிப் போனால் கரண்டியோடு மாடியேறி விடுவாள். நர்சுகள் அவளைக் கண்டதும் வராத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமை தனக்குரிய மதியச் சாப்பாட்டை டப்பாவில் போட்டுக்கொண்டு வார்டு வராந்தாவுக்குப் போவாள். நோயாளியை விட்டு நகர மனமில்லாமல் பெஞ்சிலேயே கிடக்கிற யாராவது ஒருவர் மடியில் அதை வைப்பாள். “மிஞ்சிப்போச்சு. குப்பையில போடவா, நீங்க சாப்பிடுறீங்களா?” என்று அதட்டுவாள். அது ஒருநாளும் மிஞ்சிய சாப்பாடு கிடையாது. வாங்குகிறவர்கள் பயந்துபோய்த்தான் சாப்பிடுவார்கள்.

ஏன் இந்த உபவாசம் என்று கேட்டதற்கு ஒரே ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறாள். “வாரம் பூரா இந்த நாக்குக்கு வேலைக்காரியா இருக்கேன். ஒரு நாளாவது எஜமான் வேற ஆளுன்னு அதுக்குத் தெரியட்டும்.” சொன்ன வேகத்தில் பேச்சை மாற்றி, வெங்காயம் நறுக்கிய விதத்தைக் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

அவளுக்கு ஒரு தங்கை. தையல்காரி, அக்காளைப் போலவே பிடிவாதக்காரி, சத்தம் மட்டும் கிடையாது. சர்க்கரை வியாதி வந்து நாளாகிறது. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இப்போது அது கண்ணில் இறங்கியிருக்கிறது. ஊசிக் காதில் நூல் கோர்க்க அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிட வேண்டிய நிலைமை. தைத்துப் பிழைக்கிறவளுக்குக் கண்ணைவிட வேறு என்ன முதல்?

இரண்டு பேரும் போகிற சபையில் வெள்ளிதோறும் பகல் முழுக்க உபவாச ஜெபம் நடக்கும். நடத்துகிறவரை எல்லோரும் ‘பிரதர்’ என்பார்கள். மெத்தைக் கடைக்காரர். கணீரென்ற குரல். அவரும் அன்றைக்கு உண்மையாகவே சாப்பிடுவதில்லை. அதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். அவர்தான் தங்கையிடம், “சில வியாதிக் கட்டு உபவாசத்துக்குத்தான் அவிழும், சிஸ்டர். ஒரு பொழுது முழுக்க இருந்து பாருங்க, கண்ணு தெளியும்” என்றார். ஊசி போட்டுக்கொள்கிறவளா என்று அவர் கேட்கவில்லை. ஊசியைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று தங்கை அக்காளிடம் கேட்கவில்லை. கேட்டால் கரண்டி பறக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

வேலை முடிந்து ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் கரண்டியக்கா அந்த வெள்ளிக்கிழமை ஜெப மண்டபத்துக்குள் நுழைந்தபோது பாட்டு உச்சத்தில் இருந்தது. முன்வரிசைக்கு அருகே தரையில் ஒருத்தி கிடந்தாள். மேலே வெள்ளைத் துப்பட்டி போர்த்தியிருந்தது. ஜெபத்தில் ஆவியின் வல்லமை இறங்கி விழுகிறவர்களுக்கு உடை விலகாமல் இருக்க அங்கே அப்படிப் போர்த்துவது வழக்கம். சுற்றி நின்றவர்கள் கண்ணீரோடு கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

துப்பட்டிக்கு வெளியே தெரிந்த செருப்பு தங்கையுடையது.

நெற்றியைத் தொட்டாள். சில்லென்று வியர்த்திருந்தது. உதடு எதையோ முனகிக் குழறியது. அந்த முனகலையும் ஆவி பேசவைக்கிற அந்நிய பாஷை என்று நினைத்து ஒருவர் ‘அல்லேலூயா’ சொல்லிக்கொண்டிருந்தார்.

“சர்க்கரை இறங்கிப்போச்சு! சர்க்கரை கொண்டாங்க!”

“சிஸ்டர், தொடாதீங்க. ஆண்டவர் உள்ளே கிரியை செஞ்சுக்கிட்டிருக்கார்” என்றார் பிரதர், மைக்கை மூடாமலே.

“அவ உள்ளே ஒண்ணுமே இல்லைய்யா! வெறும் வயிறு! அதுதான்யா கிரியை!”

உபவாசம் முடித்ததும் குடிக்கிற டீக்காகப் பின்னறையில் சர்க்கரை டின் இருந்தது. அறையைப் பூட்டியிருந்தார்கள். முடிவு ஜெபத்துக்கு முன் யாரும் தொடக்கூடாது என்பது ஏற்பாடு. சாவி வைத்திருந்தவர் பிரதரின் முகத்தைப் பார்த்தார். கரண்டியக்கா யார் முகத்தையும் பார்க்கவில்லை. கரண்டிக் காம்பைப் பூட்டு வளையத்துக்குள் விட்டு நெம்பினாள். கொக்கி ஆணியோடு கையில் வந்தது. விரலில் சர்க்கரையை அள்ளித் தங்கையின் கன்னத்துக்குள் தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள். வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் வந்து தங்கையை ஏற்றியபோது விரலில் பிசுபிசுவென்று ஒட்டியிருந்த மிச்சத்தை ஏப்ரனில் துடைத்தாள். இன்னும் இருட்டவில்லை.

மறுநாள் அதே மருத்துவமனை வார்டில் தங்கைக்கு நீல மூடித் தட்டு போயிற்று. அக்காவே கொண்டுபோனாள். அதற்கடுத்து ஞாயிறு வந்தது, பிரதர் மைக்கில் பேசிய பேச்சும் காதுக்கு வந்துவிட்டது: நெருங்கி வந்த அற்புதத்தை ஒரு மனுஷக் கை குறுக்கே விழுந்து தடுத்துவிட்டதாம். விசுவாசம் குறைந்த இடத்தில் அப்படித்தான் நடக்குமாம். சபைப் போதகர் பக்கத்திலேயே உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். அவர் எப்போதும் அதைத்தான் துடைப்பார்.

திட்டு வாங்கியதைக்கூடக் கரண்டியக்கா பொறுத்துக்கொண்டாள். தங்கை அதை நம்பியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

“வர்ற வெள்ளிக்கிழமை மறுபடி இருக்கப்போறேன்க்கா. பாதியில நின்னுபோச்சுல்ல. முடிக்கணும்.”

“எதை முடிக்கப்போறே? உன் கதையையா?”

“நீ எத்தனை வருஷமா இருக்கே! உனக்கொரு நியாயம், எனக்கொரு நியாயமா?”

“எனக்குச் சர்க்கரை இருக்காடி, கூறுகெட்டவளே!”

“எனக்குக் கண்ணு வேணும்க்கா.” தங்கை அழவில்லை. வெளிச்சம் வருகிற திசையைப் பார்த்துச் சொன்னாள். “நூல் கோர்க்க முடியல. நீ சத்தம் போட்டா கோர்த்துருமா?”

கரண்டியக்கா குரலை இறக்கினாள். அவளை அறிந்தவர்கள் நம்பமாட்டார்கள், ஆனால் இறக்கினாள். கண் டாக்டரிடம் தானே கூட்டிப்போகிறேன் என்றாள். அதற்குத் தங்கை சரி என்றாள். வெள்ளிக்கிழமை போகாதே என்றாள். அதை மட்டும் கேட்கமாட்டேன் என்றாள் தங்கை.

“சரி, போ. நானும் வரேன்.”

“வந்து?”

“வந்து உன் பக்கத்துல உக்காருவேன்.”

அந்த வெள்ளிக்கிழமை அவள் வேலைக்கு விடுப்புப் போட்டாள். சமையலறையில் அன்றைக்கு மூடிச் சத்தமே இல்லை; எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். காலையில் தங்கையின் வீட்டுக்குப் போனாள். தங்கை ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டிருந்தாள், சாப்பிடவில்லை. அக்கா கூடவே நடந்தாள். கையில் ஒரு பை.

மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். பூட்டு உடைத்தவள் வந்திருப்பதைப் பார்த்து முணுமுணுப்பு ஓடியது. பிரதர் அவர்கள் பக்கம் பார்க்காமலே மைக்கைப் பிடித்தார்.

“இன்னைக்கு உபவாசமா வந்திருக்கிறவங்க எல்லாரும் கையை உயர்த்துங்க. ஆண்டவர் பார்க்கட்டும்.”

கைகள் எழுந்தன. தங்கையின் கை மடியிலிருந்து கிளம்புவதற்குள் கரண்டியக்கா பையைத் திறந்தாள். உள்ளே இருந்த டப்பாவின் நீல மூடியைக் கழற்றினாள். ஓட்ஸ் கஞ்சி வாசனை வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. டப்பாவை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, இடது கையை எல்லோரையும்விட உயரமாகத் தூக்கினாள். வலது கையால் ஒரு கரண்டி கஞ்சியைத் தங்கையின் வாயருகே நீட்டினாள்.

“சிஸ்டர்!” பிரதரின் குரல் உடைந்தது. “இது உபவாசக் கூட்டம்!”

“அதுக்குத்தான் கையைத் தூக்கியிருக்கேன், பிரதர்.”

“சாப்பாட்டை வெளியே கொண்டுபோங்க!”

“எனக்குச் சாப்பாடு இல்ல. இவளுக்குத்தான். எனக்குத்தான் உபவாசம், இவளுக்கு இல்ல. கணக்கு ஆண்டவருக்குப் புரியும். நீங்க பாட்டை ஆரம்பிங்க.”

தங்கை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்துவிட்டது. “மானத்தை வாங்காதேக்கா” என்று உதடு பிரியாமல் சொன்னாள். அன்று முழுவதும் கரண்டியக்கா கத்தவே இல்லை. அண்டாக்களைக் கிளறிக் காய்த்துப்போன கை. அதிலிருந்த கரண்டி ஆடாமல் அசையாமல் நின்றது. மண்டபத்தில் யாரும் பாடவில்லை. தங்கையின் நெற்றியில் வியர்வை பொடித்தது. கரண்டியக்காவும் பிரதரும் அதைக் கவனித்தார்கள்.

“கைகளை இறக்குங்க” என்றார் பிரதர்.

சுற்றிலும் கைகள் இறங்கின. தங்கை வாயைத் திறந்தாள்.

கரண்டியக்கா ஊட்டினாள். உதட்டோரம் வழிந்த கஞ்சியைப் பெருவிரலால் வழித்து, அந்த விரலைப் புடவையில் துடைத்தாள். அடுத்த கரண்டியை அள்ளினாள். இடது கை இன்னும் மேலேயே இருந்தது.