துரையின் படம் பார்க்கப் போன நாள்

அந்தப் படத்தில் முதலில் வந்தது கடல்தான். திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நீலம். அதன்மேல் வரிசையாகப் போர்க்கப்பல்கள். தியேட்டரில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது. அப்போது என் காதருகே ஒரு மெல்லிய குரல், "இது எங்கட கடலோ பிள்ளை?" என்று கேட்டது. "ஓம் அக்கா" என்றேன். உண்மையில் அது எந்தக் கடலென்று எனக்குத் தெரியாது.

வெள்ளைக்காரர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தைக் கையளித்துப் போய்ச் சில வருடங்களே ஆகியிருந்தன. நான் துறைமுகத்துக் கந்தோர் ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்தேன். காலையில் எங்களை ஏற்றிக் குடாவைக் கடந்து கொண்டுபோய் விடுவது சேராங்கின் லோஞ்ச். இயந்திரப் படகை ஓட்டும் பொறுப்பாளரை அங்கே சேராங் என்பார்கள். எங்களுக்கு அதுவே அவர் பெயராகிவிட்டது. சாம்பல்தீவுக்காரர், ஐம்பதைத் தொட்டவர், அதிகம் கதைக்கமாட்டார். அலை எப்படி அடித்தாலும், பெண்கள் இறங்கி முடியும்வரை லோஞ்சை இறங்குதுறையோடு ஒட்டிப் பிடித்திருப்பார். யுத்த காலத்திலும் அவருக்கு இதே வேலைதான். அவருடைய தம்பியும் துறைமுகத்து லோஞ்ச் ஒன்றில் வேலை செய்தவர். யப்பான்காரன் குண்டு போட்ட நாளில் தம்பி வேறொரு லோஞ்சில் போய் இறந்துபோனார் என்று சேராங் எல்லோருக்கும் சொல்லியிருந்தார். அதற்குமேல் யாருக்கும் எதுவும் தெரியாது.

அந்த நாளில் இங்கே பொறுப்பாக இருந்த கடற்படைத் துரை ஒருவரின் வாழ்க்கையை ஆங்கிலப் படமாக எடுத்திருக்கிறார்கள், அது எங்கள் பட்டணத்துக்கும் வருகிறது என்ற செய்தி கந்தோரைக் கலக்கிவிட்டது. ஒருநாள் நான் இறங்கும்போது சேராங் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை எங்களோட படத்துக்கு வாறீங்களோ? தம்பியின்ர மனுசியையும் கூட்டிக்கொண்டு போறன். அவவுக்கு இங்கிலீசு தெரியாது. பக்கத்திலை இருந்து சொல்லவேணும்."

"உங்களுக்குத்தான் விளங்குமே" என்றேன்.

"விளங்கும். அவன் எப்பிடிச் செத்தவன் எண்டு அவ இருபது வருசமாக் கேக்கிறா. எனக்குச் சொல்ல வருகுதில்லை. படத்திலை வந்தால் பார்த்துக்கொள்ளுவாதானே."

அந்த அக்காவை நான் அன்றுதான் முதலில் கண்டேன். இருபத்திரண்டு வயதில் கணவனை இழந்து, மிளகாய்த் தோட்டம் செய்து மகனை வளர்த்தவர். சினிமாக் கொட்டகைக்குள் அதற்குமுன் கால் வைத்ததில்லை. மடிப்புக் கலையாத வெள்ளைச் சேலையில், யாரையோ சந்திக்கப் போகிறவர்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ படங்கள் பார்த்துவிட்டேன். அவ்வளவு செலவழித்து, அவ்வளவு துல்லியமாக எடுத்து, அவ்வளவு வெறுமையாக இருந்த இன்னொரு படத்தைக் கண்டதில்லை. கப்பல்கள் மெய்யான கப்பல்கள். சீருடையில் ஒரு பொத்தான்கூடப் பிழையில்லை. ஆனால் அதற்குள் மனிதர் இல்லை. துரையாக நடித்தவர் நல்ல உயரம், நல்ல குரல். தாய் இறந்த கடிதம் வருகிறது. மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறார். வாத்திய ஒலி ஓங்குகிறது. அடுத்த காட்சியில் கொடி ஏறுகிறது. "இப்ப என்ன சொல்லுறார்?" என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். "முன்னேறச் சொல்கிறார்." "இப்ப?" "கடமையைச் செய்யச் சொல்கிறார்." சொல்லச் சொல்ல என் வாய் உலர்ந்தது.

பிறகு குண்டுவீச்சு வந்தது. கதிரைகள் அதிர்ந்தன. எண்ணெய்க் கப்பலொன்று எரிந்தபோது திரை முழுவதும் செம்மஞ்சளாயிற்று. திரையின் கீழ்மூலையில், கண்மூடித் திறக்கும் நேரம், ஒரு சிறிய லோஞ்ச் போனது. அதில் இரண்டு உருவங்கள். புகை மூடிவிட்டது. அக்கா என் கையை இறுகப் பிடித்தார். "அதிலை நிண்டது அவரோ?" மேல்தளத்தில் தொலைநோக்கியோடு நின்ற துரை ஏதோ சொன்னார். எத்தனை பீரங்கிகள் மிச்சம் என்று கேட்டார். நான் சொன்னேன்: "அந்த லோஞ்சில் போனவர்கள் எங்கே, தேடுங்கள் என்கிறார்."

அக்காவின் மறுபக்கத்தில் இருந்த சேராங் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

படம் விட்டபோது வெளியே இன்னும் வெயில். கடற்கரையோரத்துக் கற்கட்டின்மேல் மூவரும் உட்கார்ந்து சோடா குடித்தோம். அக்காவின் முகம் தெளிந்திருந்தது. "பெரிய மனுசன்தான். எங்கட ஆக்களை மறக்கேல்லை" என்றார்.

சேராங் சோடாப் போத்தலைக் கீழே வைத்தார். "தங்கச்சி, துரை அப்பிடிக் கேக்கேல்லை. பிள்ளை உனக்காகச் சொன்னவ." அவர் குரலில் கோபம் இல்லை. எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"நானும் அவனும் ஒரே லோஞ்சிலைதான் இருந்தனாங்கள்" என்றார். "வேறை லோஞ்ச் எண்டு நான் சொன்னது பொய். எரிஞ்ச கப்பலிலையிருந்து ஆக்களை ஏத்த ரெண்டு தரம் போனனாங்கள். மூண்டாந்தரம் போகச் சொல்லேக்கை எனக்குச் சுக்கான் பிடிக்க ஏலாமப் போச்சுது. பயந்துபோனன். இறங்கி, துறைப் படியிலை இருந்திட்டன். அவன் என்னை ஒண்டும் கேக்கேல்லை. சுக்கானைத் தான் பிடிச்சான்."

அக்கா சோடாப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டார்.

"துரையும் அந்தப் படியிலைதான் நிண்டவர். லோஞ்ச் இனி வராது எண்டு தெரிஞ்ச உடனை எனக்குப் பக்கத்திலை குந்தி, குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதவர். அதைக் காட்டுவினம் எண்டுதான் நினைச்சனான். அதைக் காட்டினால் மிச்சத்தை நானே சொல்லியிருப்பன்."

அக்கா கேட்டார்: "அவருக்குப் பயமிருந்ததோ?"

"இருந்தது. ஏறமுன்னம் சாரத்தை ரெண்டு தரம் அவிழ்த்துக் கட்டினவன்."

அக்கா எழுந்து, தனியே பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார். சேராங் பின்னால் போகவில்லை. நானும் போகவில்லை.

அடுத்த இரண்டு வாரமும் சேராங் எங்களை ஏற்றி இறக்கினார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. அக்காவின் மகனிடம் சொல்லி அனுப்பியும் அவர் பதில் தரவில்லை என்று மட்டும் என்னிடம் சொன்னார். நான் செய்த காரியத்தால் ஒரு குடும்பம் உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை, அரைநாள் வேலை முடிந்து நாங்கள் திரும்பியபோது, அக்கா இறங்குதுறையில் நின்றார்.

"அந்த இடத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ, அத்தான்."

வெளியாட்களை ஏற்றக்கூடாது என்பது சட்டம். சேராங் மற்றவர்கள் இறங்கும்வரை காத்திருந்து, அவருக்குக் கைகொடுத்தார். "நீங்களும் வாங்கோ பிள்ளை" என்று அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நெடுந்தூரம் போகவேண்டியிருக்கும் என்று நினைத்து அவர் சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சேராங் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்.

அக்கா தண்ணீரைப் பார்த்தார். பிறகு திரும்பி இறங்குதுறையைப் பார்த்தார். படிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது.

"இவ்வளவு கிட்டவோ?"

"ஓம். கூப்பிட்டால் கேக்கிற தூரம்."

"கூப்பிட்டனீங்களோ?"

"கூப்பிட்டனான்" என்றார் சேராங். அப்போதுதான் அவர் அழுவதை நான் கண்டேன். சுக்கானில் வைத்த கையை எடுக்காமலே அழுதார்.

அக்கா குனிந்து கையைத் தண்ணீரில் வைத்து, வெகுநேரம் அப்படியே இருந்தார். நிமிர்ந்தபோது குரல் தெளிவாக இருந்தது. "நீங்களும் போயிருந்தால் ரெண்டு வீட்டிலையும் ஆம்பிளை இல்லாமல் போயிருக்கும். அண்டைக்கே வந்து சொல்லியிருக்கலாம், அத்தான். திருப்புங்கோ, வெயில் சுடுது."

இயந்திரம் இரண்டு முறை இருமிவிட்டு உயிர்பெற்றது. அக்கா எழுந்து, படகின் விளிம்பைப் பிடித்துப் பிடித்துப் பின்பக்கம் போய், சுக்கானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.