இரண்டாவது மாடல்

கழக்கூட்டத்தில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் என் பதவியின் பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள், கேட்டவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். டெவலப்பர் பார்ட்னர்ஷிப் மேனேஜர். என் கணவர் உறவினர்களிடம் இதைச் சுருக்கமாக, "கல்யாண புரோக்கர் மாதிரி, ஆனா கம்பெனிகளுக்கு" என்று சொல்லி வைத்திருக்கிறார். அதில் தப்பொன்றும் இல்லை.

எங்கள் நிறுவனம் செய்வது ஒரு ஏஐ மென்பொருள். தொழிற்சாலையில் ஓடும் பெல்ட்டுக்கு மேலே கேமரா வைத்தால், அதில் வரும் படங்களைப் பார்த்து எது நல்ல சரக்கு, எது கழிக்க வேண்டியது என்று சொல்லும். ஆனால் ஓடு செய்கிற இடமும் மருந்துக் குப்பி செய்கிற இடமும் ஒன்றல்ல. ஒவ்வொரு இடத்துக்கும் ஏற்றபடி அதைப் பழக்கி எடுக்க வேண்டும். அந்த வேலையை வெளியே இருக்கும் சின்னச் சின்ன டெவலப்பர்கள் செய்கிறார்கள். அவர்களைத் தேடிப் பிடிப்பது, சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது, தொழிற்சாலைக்காரர்களிடம் கொண்டுபோய் நிறுத்துவது, பிறகு இரண்டு தரப்பும் முகம் திருப்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது, இவ்வளவும் என் வேலை.

அப்படி வந்தவர்களில் ஒருவர் பாறசாலைக்காரர். நாற்பதைத் தாண்டியவர். பெரிய கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு, வேலையை விட்டு, வீட்டு மாடியில் ஓர் அறை போட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியிருந்தார். முதல் இரண்டு சந்திப்புகளிலும் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும்தான் பேசிக்கொண்டோம். மூன்றாவது முறை நடுவில் என் அம்மா போனில் கூப்பிட்டார். நான் தமிழில் பேசி வைத்ததும் அவர் சிரித்துவிட்டு, "மேடம் நம்ம ஆளா? முதல்லயே சொல்லியிருக்கலாம்லா" என்றார். அதற்குப் பிறகு எங்களுக்குள் தமிழ்தான்.

குக்கர் காஸ்கெட் செய்யும் ஒரு தொழிற்சாலையை அவருக்குப் பிடித்துக் கொடுத்தேன். மூடியின் உள்விளிம்பில் உட்காரும் ரப்பர் வளையம். கீறல், குமிழ், ரப்பர் நிறையாத பள்ளம் ஆகிய மூன்றும் இருக்கக் கூடாது. கேமராவுக்கு அடியில் வளையம் கடந்து, பெல்ட்டின் கடைசிக்குப் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். கழிக்க வேண்டியது என்று அதற்குள் பதில் வந்தால், காற்று அடித்து அதைச் சிவப்புத் தொட்டியில் தள்ளிவிடும்.

அவர் பழக்கிய மென்பொருள், அதாவது அவருடைய மாடல், தொடக்கத்தில் சுமாராகத்தான் இருந்தது. இரண்டு வாரத்தில் திடீரென்று தேறிவிட்டது. எங்கள் பார்ட்னர்கள் யாருக்கும் அப்படி ரிசல்ட் வந்ததில்லை. பதிவுகளைப் பார்த்தபோது ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. பெரும்பாலான படங்களுக்கு ஒரு நொடிக்குள் பதில் வந்திருந்தது. சில படங்களுக்கு மட்டும் பத்து, இருபது, சமயத்தில் நாற்பது நொடி ஆகியிருந்தது. கேட்டேன்.

"சந்தேகம் உள்ள படத்துக்கு ரெண்டாவது ஒரு மாடல் ஓடுது, மேடம்" என்றார்.

நானும் தலையாட்டினேன். அது மட்டுமா, அந்த வருடப் பார்ட்னர் கூட்டத்தில் மேடையேறி, "இரண்டு அடுக்கு முறை" என்று படம் போட்டு விளக்கினேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். கூச்சம் என்று நினைத்தேன்.

ஓணத்துக்கு முன் காஸ்கெட் ஆர்டர் குவிந்தது. தொழிற்சாலை ஞாயிற்றுக்கிழமையும் ஓடத் தொடங்கியது. அங்கே தரம் பார்க்கும் அதிகாரி ஒரு பெண்மணி. என் வயது இருக்கும். எதையும் கையால் தொட்டுப் பார்க்காமல் நம்பாதவர். மூன்றாவது வாரம் ஒரு திங்கட்கிழமை காலை எனக்குப் போன் செய்து மலையாளத்தில் சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமை மட்டும் கெட்ட வளையம் நல்ல பெட்டிக்குள் வருகிறது. அதுவும் காலையில் மட்டும். பதினொன்றரைக்கு மேல் சரியாகிவிடுகிறது. உங்கள் மென்பொருளுக்கு ஞாயிறு லீவு உண்டோ?"

கேலியாகத்தான் கேட்டார். நான் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். மூன்று ஞாயிறும் ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை, சந்தேகமான படம் ஒன்றுக்குக்கூடப் பதில் வரவில்லை. பதில் வராததெல்லாம் நல்லதாகவே போயிருந்தது. பாறசாலைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். சர்வர் கோளாறு, இந்த வாரம் சரி செய்துவிடுகிறேன் என்றார். குரல் சரியில்லை. எனக்கு அப்போதே விஷயம் பாதி புரிந்துவிட்டது. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள மனசு வரவில்லை. மேடையில் நின்று படம் போட்டவள் நான்தானே.

சனிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. தொழிற்சாலைக்கு இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் பாறசாலைக்குக் காலை பாசஞ்சர் ரயிலில் ஏறினேன். நெய்யாற்றின்கரை தாண்டும்போது, இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு யோசனை வந்தது. பாறசாலையில் ஆட்டோக்காரரிடம் வீட்டை அடுத்த சர்ச்சின் பெயரைச் சொன்னதும், அவர் நேராக வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டார்.

கதவைத் திறந்தவர் அவருடைய மனைவி. ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் போன். நான் வாயைத் திறப்பதற்குள் போன் சின்னதாக ஒரு சத்தம் போட்டது.

"ஒரு நிமிஷம் நில்லுங்க" என்று சொல்லிவிட்டுத் திரையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். கட்டைவிரலால் அழுத்தினார். பிறகுதான் என்னைப் பார்த்தார். "யாரு வேணும்?"

"சார் இருக்காங்களா?"

"அவிய கடைக்குப் போயிருக்காவ. இப்ப வந்திருவாவ. நீங்க?"

எந்தக் கம்பெனி என்று சொன்னேன். அவர் முகம் மாறியது. போனைப் புடவைத் தலைப்புக்குள் கொண்டுபோனார். அந்த நேரம் பார்த்து அது மறுபடியும் சத்தம் போட்டது. அவர் என்னைப் பார்த்தார், தலைப்பைப் பார்த்தார்.

"அக்கா, இத மட்டும் நான் பாத்துக்கிடட்டா? அம்பது செகண்டுதான் உண்டு."

"பாருங்க" என்றேன்.

அவர் பக்கத்தில் போய் நானும் பார்த்தேன். கறுப்பு வளையம், ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு. கீறல் என்றுதான் நான் சொல்லியிருப்பேன். அவர் 'நல்லது' என்பதை அழுத்தினார்.

"கீறல் இல்லையா?"

"இல்லக்கா. அச்சுல பூசுற பொடி ஒட்டியிருக்கு. கீறல்னா ஓரம் மினுங்கும்."

"பாக்டரிக்குப் போயிருக்கீங்களா?"

"எங்க போவ? எட்டு மணிக்குப் பெல்ட்டு ஓடும், அஞ்சுக்கு நிக்கும். அங்க சாப்பாட்டுக்கு நிறுத்தும்போ நானும் சாப்பிடுவேன். ஏழு மாசம் ஆச்சு." சிறிது தயங்கிவிட்டு, "நாயித்துக்கிழமை ஆராதனைக்கு மட்டும் போனைக் கொண்டு போவ மாட்டேன்னு சொல்லிட்டேன். அவியளையும் கூட்டிட்டுத்தான் போவேன். அதுனாலதான நீங்க வந்தது?" என்றார்.

ஆமாம் என்றேன். அவர் உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு, பால் இல்லாத கட்டன் சாயா போட்டுக்கொண்டு வந்தார். அதற்குள் போன் நான்கு முறை சத்தம் போட்டது. நான்கையும் பார்த்தார்.

பாறசாலைக்காரர் கடையிலிருந்து வந்து பையைக் கீழே வைத்தார். என்னையும் சாயாவையும் போனையும் பார்த்துவிட்டு, எதிரே உட்கார்ந்தார். எனக்குக் கோபம் இருந்தது. ரயிலில் வரும்போது நிறைய வார்த்தைகளைத் தயார் செய்திருந்தேன். "ஏன் சார்?" என்று மட்டும் கேட்டேன்.

"பத்து நாளைக்குன்னுதான் தொடங்கினேன், மேடம். சந்தேகமான படத்தை இவகிட்ட காட்டி, இவ சொல்றத வச்சு மாடலுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்னு. ஆனா இவ பாக்க ஆரம்பிச்சதும் ரிசல்ட் அப்படி வந்திச்சு. நீங்க மேடையில சொன்னீங்க. பின்னே இத எடுக்க எனக்குத் தைரியம் இல்ல. ரெண்டு தடவ இவ இல்லாம ஓட்டிப் பாத்தேன். மாடல் தனியா நிக்கல."

"நான் அப்பவே சொன்னேன், சொல்லிருங்கன்னு" என்றார் மனைவி. குறை சொல்லும் குரல் இல்லை. நடந்ததைச் சொன்னார்.

தொழிற்சாலைப் படங்கள் வெளியே ஒரு வீட்டுக்குப் போகக் கூடாது. அது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அதைவிடப் பெரிது, இயந்திரம் பார்க்கிறது என்று நம்பிய ஒருவரை ஏழு மாதம் ஏமாற்றியது. இரண்டையும் சொன்னேன். "திங்கட்கிழமை நான் ஆபீஸ்ல சொல்லியே ஆகணும். அதுக்கு முன்னாடி பாக்டரில நீங்களே சொல்றீங்களா, இல்ல நான் சொல்லட்டுமா?"

மனைவி போனை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "இப்பவே சொல்லுங்க. அக்கா இருக்கும்போதே சொல்லுங்க."

அதிகாரியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். மலையாளத்தில், எதையும் பூசி மெழுகாமல், முதலிலிருந்து சொன்னார். அதிகாரி முழுவதையும் கேட்டுவிட்டுப் பேசினார். கத்தவில்லை.

"நான் என் எம்.டி.யிடம் உங்கள் பெயரைச் சொல்லி, வளையம் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரை வேறு செக்‌ஷனுக்கு மாற்றினேன். தெரியுமோ? கேமராவை இப்போது அணைக்கிறேன். அவர்களைத் திரும்பக் கூப்பிடுகிறேன்."

அவ்வளவுதான். வைத்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் போன் சத்தம் போடுவது நின்றது. மனைவி அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அப்ப இனி வராதா?" என்று கேட்டார். கணவர் வராது என்று தலையசைத்தார். மனைவி எழுந்து போய், விட்ட சமையலைத் தொடர்ந்தார்.

திங்கட்கிழமை என் மேலதிகாரி அறிக்கை கேட்டார். எழுதினேன். நாற்பது நொடி எடுக்கும் பதிலை நானும் பார்த்தேன், சொன்ன விளக்கத்தைச் சோதிக்காமல் ஏற்றுக்கொண்டேன், அதை மேடையிலும் பேசினேன் என்று இரண்டு வரி சேர்த்தேன். அவர் படித்துவிட்டு, "இந்த ரெண்டு வரி வேணுமா? எடுத்துக் களயாம்" என்று பாதி மலையாளத்தில் நீக்கச் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் எடுக்கவில்லை. அந்த வருடம் எனக்குக் கிடைக்க வேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. அதற்கு இதுதான் காரணமா என்று நான் கேட்கவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை.

பாறசாலைக்காரரின் சான்றிதழ் ரத்தானது. அதற்குப் பிறகு எங்கள் படிவத்தில் புதிதாக ஒரு கேள்வி சேர்ந்தது: எந்த இடத்தில் மனிதர் முடிவு எடுக்கிறார், அவர் யார்?

நான்கு மாதம் அவரிடமிருந்து பேச்சே இல்லை. பிறகு ஒரு மெயில் வந்தது. மனைவி ஏழு மாதம் அழுத்திய பதில்கள் எல்லாம் சேமிப்பில் இருக்கின்றன, அவற்றை வைத்து மாடலைப் புதிதாகப் பழக்க வேண்டும், தொழிற்சாலையின் அனுமதி இல்லாமல் தொட மாட்டேன், கேட்டுச் சொல்ல முடியுமா என்று எழுதியிருந்தார். அந்த அதிகாரியிடம் போய்க் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. கேட்டேன். அவர், "எங்கள் கம்ப்யூட்டரில், எங்கள் அறையில் உட்கார்ந்து செய்யட்டும்" என்றார்.

ஆறு வாரம் பாறசாலைக்காரர் தினமும் அங்கே போய்வந்தார். மாடல் நிறையத் தேறியது. ஆனாலும் சந்தேகம் முழுவதும் போகவில்லை. இந்தத் தடவை அவர் அதை மறைக்கவில்லை. நல்லது, கெட்டது என்ற இரண்டு தொட்டிகளுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு தட்டு வைக்கச் சொன்னார். சந்தேகமான வளையம் அதில் விழும். அங்கே ஒரு தொழிலாளி உட்கார்ந்து, எடுத்துப் பார்த்துப் பிரிப்பார். ஒரு மாதம் கூடவே நின்று சோதித்த பிறகுதான் அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

அந்தச் சமயத்தில், படங்களைப் பார்த்துத் தரம் பிரிக்கும் வேலைக்கு எங்கள் அலுவலகத்தில் ஆள் எடுத்தார்கள். வீட்டிலிருந்தே செய்யலாம். நான் முதலில் கூப்பிட்டது அவர் மனைவியைத்தான்.

"வேண்டாம்க்கா" என்றார். "கண்ண மூடினா வளையமா வருது. நான் கணக்குல டிகிரி எடுத்தவ. பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கத் தொடங்கிட்டேன். அது போதும்."

ஆனால் தொழிற்சாலையைப் பார்க்க ஒரு நாள் வந்தார். அழைத்தது அந்த அதிகாரிதான். நானும் போயிருந்தேன். ரப்பர் வேகும் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டே நடந்தார். மூன்றாவது தட்டின் முன்னால் வந்ததும், அங்கே இருந்த பெண் ஒரு வளையத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இம்புட்டுப் பெருசா இருக்குமா? போன்ல வளையல் மாதிரில்லா தெரிஞ்சுது!"

அந்தப் பெண் வளையத்தை இரண்டு கையாலும் வளைத்து, உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ஒரு வெடிப்பைக் காட்டினார். இவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "அய்யோ, இத நான் எத்தனையெண்ணம் விட்டிருப்பேன்?" என்று அதிகாரியைப் பார்த்துக் கேட்டார். அதிகாரி முதல் தடவையாகச் சிரித்தார். "கொஞ்சம் உண்டு. ஆனால் என் ஆட்கள் விட்டதும் அத்தனை உண்டு" என்றார். இரண்டு பேரும் கேன்டீனில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நானும் அவர் கணவரும் அடுத்த மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

பாறசாலைக்காரருக்குச் சான்றிதழ் திரும்பக் கிடைத்தது, முன்பு இருந்ததைவிட ஒரு படி கீழே. இப்போது இரண்டு தொழிற்சாலைகளுக்குச் செய்கிறார். போன் செய்தால், நலம் விசாரிப்பதற்கு முன்பே அன்றைக்கு எது சரியாக வரவில்லை என்பதைத்தான் முதலில் சொல்கிறார். நான் பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்கிறேன்.