பத்திரிகையில் மட்டும் இருந்த மருமகன்

நிதீஷ் – லோகப்பிரியா கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்த அன்றைக்குப் பொற்கொடிக்குக் கம்பெனியில் இரண்டாவது ஷிஃப்ட். மத்தியானம் கிளம்புவதற்குள் ஒரு நூறு பத்திரிகைக்காவது மஞ்சள் தடவி வைத்துவிட்டுப் போவோம் என்று உட்கார்ந்தாள். இருப்பது ஒரே தம்பி. அவளுக்கு ஏழு வயது இளையவன். அம்மா பூவாத்தாள் காட்டுக்குக் களை எடுக்கப் போனால் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தது இவள்தான். மூக்கைச் சிந்திவிட்டது, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது எல்லாம் இவள்தான். அவன் கல்யாணத்தில் இவளுக்கு இல்லாத சந்தோசம் வேறு யாருக்கு வரும்?

முதல் பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சளைத் தொட்டு வைத்தாள். அழகாக இருக்கிறதே என்று பிரித்துப் பார்த்தாள். கீழே, வருகிறவர்களை வரவேற்கிற பேர்களின் வரிசையில் முதல் பேரே 'சரவணன் – பொற்கொடி' என்று இருந்தது. மஞ்சள் விரல் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

சரவணனுக்கும் அவளுக்கும் கோர்ட்டில் தீர்ந்து அப்போது இரண்டு வருசமும் மூன்று மாசமும் ஆகியிருந்தது.

"ஏம்மா, இவரு பேரு எதுக்கு இதுல இருக்குது?"

பூவாத்தாள் அடுப்பை விட்டுத் திரும்பவில்லை. "மருமகன் பேரு போடாத பத்திரிகை எங்காச்சும் உண்டா அம்மணி? பொண்ணு ஊட்டுல கேப்பாங்கல்லோ?"

"மருமகனே இல்லியேம்மா."

"அது நமக்குத் தெரியும். ஊருக்கும் தெரியோணுமா? பேசாம மஞ்சளைத் தடவு கண்ணு. காஞ்சு போச்சுன்னா ஒட்டாது."

சரவணனைக் கெட்டவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதுதான் பொற்கொடிக்கு வந்த வினை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான். ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் காடும் எட்டுத் தறியும் இருந்த வீடு. கட்டிக்கொண்டு போய் ஏழு வருசம் இருந்தாள். வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. கோயில் கோயிலாகச் சுற்றினாள், ஆஸ்பத்திரிக்கும் போனாள். கடைசி மூன்று வருசம் அவன் தறி வேலையென்று திருப்பூரிலேயே தங்கினான். ஒரு நாள் அவன் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில் ஒரு சின்னக் கொலுசு இருந்தது. கேட்டாள். அவன் பொய் சொல்லவில்லை. "ஆமா பொற்கொடி. அங்க ஒருத்தி இருக்கறா. பொண்ணுக் கொழந்தை. ரெண்டு வயசாகுது" என்றான்.

பிறந்த வீட்டுக்கு வந்து சொன்னாள். அப்பா நஞ்சுண்டன் நாள் முழுக்கத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, "ஆம்பளை நாலு எடம் போவான், வருவான். நீ உன்ற ஊட்டுல இரு. நம்ம வமுசத்துல கோர்ட்டு வாசப்படி மிதிச்ச பொம்பளை இல்லை" என்றார்.

அவள் மிதித்தாள். யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை. தனியாகப் பஸ் ஏறிக் கோயமுத்தூர் போய் வக்கீலைப் பார்த்தாள். ஒன்றரை வருசம் அலைந்து எழுதி வாங்கிக்கொண்டு வந்தாள். தாலியைக் கழற்றி வக்கீல் மேசைமேல் அவனிடமே கொடுத்தாள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அந்த மரியாதையில் மட்டும் ஒரு குறையும் இல்லை. பிறகு பெரியநாயக்கன்பாளையத்தில் தண்ணி மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். கை சுறுசுறுப்பு. ஆறே மாசத்தில் புதிதாக வருகிற பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற ஆளாகிவிட்டாள்.

ஊருக்கு மட்டும் வேறு கதை. மருமகன் மஸ்கட்டுக்குப் போயிருக்கிறார், அதனால் பொண்ணு நம்மோடு இருக்கிறாள் என்று பூவாத்தாள் சொல்லி வைத்தாள். ஊர் நம்பியதா? ஒருத்தரும் நம்பவில்லை. ஆனால் நம்பாததை யாரும் சொல்லவில்லை. இழவு வீட்டில், நோம்பித் திருவிழாவில், ரேசன் கடை வரிசையில், "மஸ்கட்டுல வெயிலு எப்படீங்குது அம்மணி? மாப்பிள்ளை போன் பண்றாருங்களா?" என்று கேட்டுவிட்டு, அவள் முகத்தையே பார்ப்பார்கள். "பண்றாருங்க" என்பாள். அம்மாவுக்காகச் சொன்ன சொல் அது. இரண்டு வருசம் சொன்னாள்.

இப்போது பத்திரிகையிலும் வந்துவிட்டது. அன்றைக்கு அவள் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. காரணம் இணைச்சீர்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையும் அவன் கூடப் பிறந்தவளும் சேர்ந்து நிற்கிற சீர் அது. கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவள் கையில். நாளைக்குப் பெண்டாட்டி வந்துவிட்டாலும் உனக்கும் எனக்கும் உறவு அறாது, உன் பிள்ளைக்கு என் பிள்ளை என்று அத்தனை சனத்துக்கு முன்னால் உறுதி செய்கிற சீர். சீரை நடத்தி வைக்கிறவர் அருமைக்காரர். அவரும் பிள்ளைகுட்டியோடு நிறைந்து வாழ்கிறவராக இருக்க வேண்டும், நிற்கிறவளும் கட்டினவனோடு வாழ்கிறவளாக இருக்க வேண்டும். பொற்கொடி நிற்க முடியாவிட்டால் பெரியப்பன் மகள் வெண்ணிலா நிற்பாள்.

நிதீஷ் அக்காவைக் கம்பெனி வாசலிலேயே வந்து பார்த்தான். "நீதான்க்கா நிக்கோணும். வேற ஆரு நின்னாலும் நான் மணவறைக்கே வரமாட்டேன், பாத்துக்க" என்றான்.

"மஸ்கட்டுக்காரன் பொண்டாட்டியா நிக்கட்டுமா?"

"ஒரு நாளைக்கு அக்கா. எனக்காக. லோகப்பிரியா ஊட்டுலயும் அப்படித்தான் சொல்லியிருக்குது."

அவனுக்காக என்றால் அவள் எதற்குத்தான் மாட்டேன் என்றிருக்கிறாள்? சரி என்றாள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பூவாத்தாள் ஆர்.எஸ்.புரத்துக்குப் போய் ஒரு தாலி வாங்கிக்கொண்டு வந்தாள். கல்யாணத்தன்று காலையில் மண்டபத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, அம்மாவே மகளின் பின்னால் நின்று, தாலிக்கொடியின் கொக்கியை மாட்டிவிட்டாள். இரண்டு பேரும் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

அவ்வளவோடு நின்றிருந்தால் பொற்கொடி தாங்கியிருப்பாள். ஆனால் நஞ்சுண்டன் மேட்டுப்பாளையம் ரோட்டு மண்டபத்து வாசலில் ஒரு காரின் கதவைத் திறந்துவிட்டு, "வாங்க மாப்பிள்ளை, வாங்க" என்று கூப்பிட்டார். வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாகச் சரவணன் இறங்கினான். அப்பா யாருக்கும் தெரியாமல் ஈரோடு போய், வெற்றிலை பாக்கு வைத்து, ஒரு நாளைக்கு வந்து நின்றுவிட்டுப் போகும்படி கேட்டிருக்கிறார். கோர்ட்டு வாசலை மிதிக்காத மனுசன், மகளை விட்டவன் வாசலை மிதித்திருக்கிறார். சரவணன் மறுக்கவில்லை. அவன்தான் பெரியவர்கள் சொல்லைத் தட்டாதவன் ஆயிற்றே.

சனத்துக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. இரண்டு வருசமாக அவளிடம் வெயிலை விசாரித்தவர்கள் எல்லாம் அவனுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்கள், காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள். "மாப்பிள்ளை கறுத்துட்டாரு, மஸ்கட்டு வெயிலு" என்று ஒருத்தி சொன்னாள். அவன் சிரித்தான்.

பொற்கொடி அப்பாவை ஓரமாகக் கூப்பிட்டாள். "என்னுங்கப்பா இது?"

"சபையில உனக்கு ஒரு கொறை வரக்கூடாதுன்னுதான் சாமி. உன்ற நல்லதுக்குத்தான்." அவர் கண் கலங்கியிருந்தது. மெய்யாகவே அவளுடைய நல்லது என்று நினைத்துத்தான் செய்திருக்கிறார். அதற்கு மேல் அவரிடம் என்ன கேட்பது?

சீருக்குக் கூப்பிட்டார்கள். நிதீஷ் பட்டு வேட்டியோடு நின்றான். பொற்கொடி கூறைச்சேலையின் முனையைப் பிடித்தாள். அந்தப் பட்டு கையில் பட்டதும் எல்லாம் மறந்துவிட்டது அவளுக்கு. மூக்கைச் சிந்திவிட்ட பையன் இவ்வளவு உயரமாக நிற்கிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அருமைக்காரர் நல்ல குரல் எடுத்து, "இணைச்சீர்காரி ஊட்டுக்காரரு எங்கீங்க? பக்கத்துல வந்து நில்லுங்க மாப்பிள்ளை, சோடியாப் பாத்தாத்தான் சபைக்கு நெறைவு" என்றார்.

சரவணன் வந்து பக்கத்தில் நின்றான். அவன் தோள் அவள் தோளில் பட்டது.

"அடுத்த வருசத்துக்குள்ள தொட்டிலைக் கட்டிப்போடோணும் மாப்பிள்ளை. பொண்ணாப் பெத்து எங்க நிதீஷு மகனுக்குக் குடுத்துப்போடுங்க" என்று ஓர் அத்தை குரல் கொடுத்தாள். கூட்டம் சிரித்தது.

"ஆகட்டுங்க அத்தை" என்றான் சரவணன்.

அந்த ஒரு சொல்தான். எல்லோரும் என்னென்னவோ காரணம் சொல்கிறார்கள், தாலி என்கிறார்கள், பத்திரிகை என்கிறார்கள். அதெல்லாம் இல்லை. ஏழு வருசம் வேண்டிக் கிடந்த வயிற்றை வைத்து, ஆறு வயதுப் பிள்ளையைத் திருப்பூரில் விட்டுவிட்டு வந்தவன், வாயில் வெற்றிலையோடு 'ஆகட்டுங்க' என்றான். பொற்கொடிக்கு அதற்கு மேல் முடியவில்லை.

அவள் சத்தம் போடவில்லை. அருமைக்காரரைப் பார்த்துத்தான் சொன்னாள். "ஏனுங்க பெரியவரே, இவரு எனக்கு ஒண்ணுமில்லீங்க. கோர்ட்டுல தீத்து ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சுங்க. இவருக்குக் குடும்பம் இருக்குதுங்க. நான் நிதீஷுக்கு அக்கா, அது மட்டும் நெசமுங்க. நிக்கலாமுன்னாச் சொல்லுங்க, நிக்கறேன்."

மேளக்காரர் கூட நிறுத்திவிட்டார்.

"கழுத்துல தாலி கெடக்குதல்லோ?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது எங்கம்மா வாங்கிப் போட்டதுங்க."

பெண் வீட்டு வரிசையில் ஒருத்தர் காதை ஒருத்தர் கடித்தார்கள். அருமைக்காரர் பாவம், வயசானவர், இப்படி ஒன்று அவர் நடத்தின நானூறு கல்யாணத்தில் வந்ததில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாப்பிள்ளைதான் சொல்லோணும்" என்று நிதீஷ் பக்கம் கையைக் காட்டினார்.

நிதீஷ் அப்பாவைப் பார்த்தான். மாமனார் முகத்தைப் பார்த்தான். அக்காவைப் பார்க்கவில்லை. குனிந்து, தன் கையில் இருந்த சேலை முனையையே பார்த்துக்கொண்டு நின்றான். எவ்வளவு நேரம் என்று கேட்டால் பொற்கொடிக்குச் சொல்லத் தெரியாது. ஒரு சொல் வந்துவிடும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

வெண்ணிலாதான் வந்து, "குடுக்கா, நேரமாகுது" என்று மெதுவாக அவள் விரல்களைப் பிரித்தாள்.

முகூர்த்தம் தவறவில்லை. பொற்கொடி மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, தம்பி தாலி கட்டுவதைப் பார்த்தாள். அட்சதையை அங்கிருந்தே போட்டாள், முன்வரிசைக்குக்கூடப் போய்ச் சேரவில்லை. அறைக்குப் போய்த் தாலியைக் கழற்றி அம்மாவின் பெட்டியில் வைத்தாள். யாரும் அவளைப் போ என்று சொல்லவில்லை. பந்தியில் அவளுக்கு இரண்டு பக்கமும் இலை காலியாக இருந்தது, அவ்வளவுதான். சரவணன் பக்கத்திலோ யாருக்கும் இடம் கிடைக்கவில்லை. அவனை அத்தைமார் சுற்றி நின்று, "பொம்பளைக்கு இத்தனை வாயி இருந்தா மனுசன் என்னதான் பண்ணுவாரு" என்று பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஊர் அவளை ஒதுக்கியது அன்றைக்குத்தான். தீர்த்துக்கொண்டதற்காக அல்ல, அதை அவர்கள் இரண்டு வருசமாகப் பொறுத்துக்கொண்டிருந்தார்கள். வாய்விட்டுச் சொன்னாளே, அதற்காக. மறுவாரம் அவள் பெரியநாயக்கன்பாளையத்தில் ஓர் அறை பிடித்துக்கொண்டு போய்விட்டாள். பூவாத்தாள் தடுக்கவில்லை. அரிசியும் பருப்பும் கட்டிக் கொடுத்துவிட்டு, "மூச்சுப் புடிச்சு ஒரு பத்து நிமுசம் நின்னிருக்கலாமல்லோ கண்ணு" என்று அழுதாள். "இல்லீங்கம்மா, முடியலை" என்றாள் இவள்.

எட்டு மாசம் கழித்து நிதீஷ் வந்தான். சாப்பாட்டு மணிக்குக் கம்பெனி வாசலில் நின்றான், இளைத்திருந்தான். இரண்டு பேரும் சைக்கிள் நிறுத்துகிற கூரைக்கடியில் உட்கார்ந்தார்கள். அவள் தூக்குப்போசியைத் திறந்து பாதிச் சோற்றை மூடியில் அவனுக்குப் போட்டாள். அவன் சாப்பிட ஆரம்பித்தான்.

"லோகப்பிரியாவுக்கு ஏழு மாசம்க்கா. வார தையில வளைகாப்பு."

"நல்லது சாமி. சத்தா எதாச்சும் திங்கச் சொல்லு. மருந்து மாத்திரை நேரத்துக்குக் குடுக்கறியா?"

"குடுக்கறேன். நீ வரோணும்க்கா."

"வாரேன்." அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். "நானும் அவளுக்கு ஒரு வளையல் போட்டு உடலாமா?"

அவன் கை மூடியிலேயே நின்றுவிட்டது. "நீ வந்தாப் போதும்க்கா..." என்றான். சொல்லிவிட்டு நிறுத்தினான். "உள்ரூம்புல அம்மாவோட இருந்துக்கலாம். லோகப்பிரியாவோட பாட்டி ஒரு மாதிரி. கர்ப்பமா இருக்கறவளுக்கு..."

பொற்கொடி தலையை ஆட்டினாள். கோபமாக ஆட்டவில்லை. அவனுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். "சட்டையில கொழம்பு சிந்திப்போடாத, நல்ல சட்டை" என்றாள்.

மணி அடித்தது. அவள் போசியை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவன் வண்டியை எடுக்காமல் வெகுநேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்ததாக வாட்ச்மேன் சாயங்காலம் அவளிடம் சொன்னார். "தம்பிங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. ஒரே தம்பி" என்றாள்.

தையில் வளைகாப்பு நடந்தது. அன்றைக்குப் பொற்கொடி இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்தாள்.