நேயர் கேட்ட சேமியா ஐஸ்

வானொலி அறிவிப்பாளர் ஆகவேண்டும் என்பதுதான் சபுராவின் கனவு. பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, உத்திரமேரூர் துணிக்கடைக்காரர் ஜெகபர் சாதிக்குக்குக் கட்டிக்கொடுத்ததோடு அது போயிற்று.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் மே மாதம் வீட்டுக்கு பிரிட்ஜ் வந்தது. சபுரா டம்ளரில் குச்சி செருகி சேமியா ஐஸ் செய்தாள். மதியச் சாப்பாட்டுக்கு வந்த கணவரிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, கரண்டியை மைக்காகப் பிடித்தாள்.

"நேயர்களே, இன்று வெயில் அதிகம்."

"நேயர் விருப்பம் எதுனா கீதா?" என்றார் அவர்.

"உண்டு. பேரு, ஊரு சொல்லுங்க."

"ஜெகபர் சாதிக், உத்திரமேரூர். இன்னொரு ஐஸ் வோணும். என் பேரச் சொல்லித்தான் குடுக்கணும்."

இருபது வருஷத்தில் அவள் கணவரின் பெயரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. கன்னம் சுட, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"உத்திரமேரூரிலிருந்து ஜெகபர் சாதிக்..."

அதற்குமேல் முடியவில்லை. முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"இன்னா குரலு!" என்றார் அவர். கையிலிருந்த ஐஸ் முழங்கை வரை வழிந்துகொண்டிருந்தது.