அத்தையின் முதுகுப்பிடிப்பு

நான் பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால்தான் முதலில் வந்ததாம். அம்மாவை இரண்டு நாள் பாடாய்ப் படுத்திவிட்டு வந்த அந்தக் கால்களுக்கு ஊரில் ஏக மரியாதை. அப்படிப் பிறந்த பிள்ளை மிதித்தால் முதுகுப்பிடிப்பு, இடுப்புப்பிடிப்பு எல்லாம் பறந்துவிடும் என்பதில் செட்டிகுளம் பக்கத்தில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. காலையில் நான் பல் விளக்கும் முன்பே வாசலில் யாராவது வந்து நிற்பார்கள். நிலைப்படிக்கு முன்னால் குப்புறப் படுப்பார்கள். வலது காலால் மூன்று மிதி, அவ்வளவுதான் வைத்தியம். எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளியில் தினமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்த எனக்கு, மீசை வைத்த பெரிய மனிதர்கள் காலடியில் வந்து படுப்பது கொஞ்சம் தலைக்கேறித்தான் போயிருந்தது.

அப்பாவின் அக்கா, என் அத்தை, இரண்டு தெரு தள்ளி இருந்தார். பிள்ளை இல்லாதவர். அதனால் நான் பாதி நாள் அங்கேதான் சாப்பிடுவேன். வெங்காய மூட்டையை ஆள் துணை இல்லாமல் தூக்கி ஓரத்தில் வைத்துவிட்டு, மூச்சு வாங்காமல் பேச்சைத் தொடரக்கூடிய பெண்மணி. கார்த்திகைக்கு மலைக்கோயில் ஏறும்போது எப்போதும் அவர்தான் முன்னால் போய் நின்றுகொண்டு எங்களைக் கேலி செய்வார். அந்த வருஷம் பாதிப் படியில் இரண்டு முறை உட்கார்ந்தார். நாங்கள் கேலி செய்தோம். அவரும் சேர்ந்து சிரித்தார்.

பிறகு தாடை வலிக்கிறது என்றார். சொத்தைப் பல்லாக இருக்கும் என்று கிராம்பு வைத்துக்கொண்டார். நெஞ்சை அடைக்கிறது என்றார். வாயு என்று சொல்லி மாமா சோடா வாங்கி வந்தார். தை மாதம் வெங்காயம் வெட்டியெடுக்கும் வேலை மும்முரமாக இருந்தபோது, இரண்டு தோளுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு இடது கை வரை இழுக்கிறது என்றார். மூட்டை தூக்குகிறவருக்கு முதுகில் பிடிக்காமல் வேறு எங்கே பிடிக்கும்? வீட்டிலேயே வைத்தியர் இருக்கும்போது பெரம்பலூருக்கு பஸ் ஏறுவானேன்? அத்தை என்னிடம் வந்தார்.

மற்றவர்கள் ஒருமுறைதான் வருவார்கள். அத்தை மூன்று நாள் தொடர்ந்து வந்தார். மூன்றாம் நாள் நல்ல பனி. நான் அப்பாவின் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, பல் கிடுகிடுக்க நின்றேன். அத்தையின் முதுகில் கால் வைத்தபோது ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது. உள்ளங்கால் வழுக்கியது. பிடிப்புதான் வேர்வையாகி இறங்குகிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். யாரிடமும் அதைச் சொல்லத் தோன்றவில்லை.

“நல்லா அழுத்தி மிதி தங்கம். நேத்து நீ சரியா மிதிக்கல,” என்றார் அத்தை.

சுவரைப் பிடித்துக்கொண்டு முழு பலத்தோடு மிதித்தேன். எழுந்து என் கன்னத்தைத் தட்டிவிட்டு வெங்காயக் காட்டுக்குப் போனார். மத்தியானம், அறுவடை செய்த வெங்காயத்தைக் குவித்திருந்த இடத்தில் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வேனில் போட்டு எடுத்துப் போனார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது. இருதய அடைப்பு, நாலைந்து நாளாகவே உடம்பு சொல்லியிருக்குமே என்று டாக்டர் கேட்டாராம். இன்று யாராவது என்னிடம் முதுகு வலி, இடது கை, வேர்வை என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால், முதலில் ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டுத்தான் மற்ற பேச்சு. வீட்டில் எனக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர். இருக்கட்டும்.

ஆனால் அன்று டாக்டர் சொன்னது எதுவும் என் காதுக்கு வரவில்லை. வந்தது இது ஒன்றுதான். சாவு வீட்டில் ஒரு பெண், பக்கத்தில் இருந்தவளிடம், “காலயில புள்ளகிட்ட மிதி வாங்கிட்டுப் போனாங்களாம். படாத எடத்துல பட்டுடுச்சோ என்னமோ,” என்று முணுமுணுத்தாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

அதன் பிறகு என் கால்களைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. பாவாடைக்குள் மடக்கி மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சோறு இறங்கவில்லை. மிதி வாங்க வந்தவர்களைக் கண்டால் கொல்லைப்புறம் ஓடினேன். அத்தை நினைப்பில் ஏங்குகிறாள் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்தான் அத்தையைக் கொன்றேன் என்பதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் காலையில் மாமா வந்தார். இரண்டு வாரமாகச் சவரம் செய்யாத முகம். அம்மா பதறிப்போய், “வாங்கண்ணே, உள்ள வந்து உக்காருங்க,” என்றாள். அவர் உட்காரவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

“ரெண்டு நாளா முதுவு புடிச்சிக்கிச்சு சாமி. நீ மிதிச்சாத்தான் போவும்.”

“வேணாம் மாமா. நீங்களும் செத்துடுவீங்க,” என்று சொல்லிவிட்டேன்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா தோள் துண்டை உதறி, அத்தை படுத்த அதே இடத்தில் விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டார். “உன் காலு யாரையும் ஒண்ணும் பண்ணாது. மாமா சொல்றன்ல, மிதி,” என்றார்.

மிதித்தேன். அவர் எழுந்து, முதுகை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டி, “பாத்தியா, போயிடுச்சு,” என்றார். அன்று மத்தியானம் நான் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேனாம்.

மாமாவுக்கு அன்று முதுகில் எந்தப் பிடிப்பும் இல்லை என்பது எனக்குப் புரிய எத்தனையோ வருஷம் ஆனது. முதல் மிதியிலேயே அவர் உடம்பு குலுங்க ஆரம்பித்தது. முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு அழுதார். வலியில் அழுகிறார் என்று நினைத்து, அடுத்த இரண்டு மிதியையும் மெதுவாக மிதித்தேன்.