குற்றக்கதை அம்மையாரைக் கேட்க சில்க்போர்க் போனது

சில்க்போர்க் போக நல்ல காலம் எது என்று சிலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். ஏரிக்கும், சக்கரம் சுழற்றிப் போகும் பழைய நீராவிக் கப்பலுக்கும் என்றால் கோடைதான். நான் முதன்முதலில் போனதோ நவம்பரில், கொட்டும் மழையில், ஏரிப் பக்கம் திரும்பிக்கூடப் பாராமல். ஓர் ஆங்கிலேயக் குற்றக்கதை எழுத்தாளர் அந்த ஊர் நூலகத்தில் பேச வருகிறார் என்று நான் இருந்த இக்காஸ்ட் ஊர் நூலகக் கதவில் ஒட்டியிருந்தார்கள். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் கட்டுரையைப் பாதியில் விட்டுவிட்டு அவரைத் தேடப் போய்விடுவீர்கள்.

எண்பதுகளின் கடைசி அது. டென்மார்க்கில், இக்காஸ்டில் ஒரு துணித் தொழிற்சாலையில் எனக்கு வேலை. மனைவி வசந்தி யாழ்ப்பாணத்தில். அவளைக் கூப்பிட நான் கொடுத்த விண்ணப்பம் அசையாமல் கிடந்தது. எங்களில் பலருக்கும் இதே கதிதான். ஆனாலும் ஒவ்வொருவரும் தன்னுடையதில் மட்டும் ஏதோ பிழை என்று உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தோம். என் பிழை எது என்று எனக்குத் தெரியும் என்றே நம்பினேன். நான் ஊரைவிட்டு சைக்கிளில் புறப்பட்ட காலையில் வசந்தி கோபத்தில் குசினி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. இங்கே அகதியாகப் பதிந்தபோது நடந்த பொலிஸ் விசாரணையில் நானோ, மனைவி வழியனுப்பினாள் என்று சொல்லியிருந்தேன். அந்தப் பொய்யை எப்படியோ பிடித்துவிட்டார்கள், அதனால்தான் அவளை விடுகிறார்கள் இல்லை என்று பயந்து செத்தேன். இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

இக்காஸ்டிலிருந்து சில்க்போர்க் முப்பது கிலோமீற்றர் அளவு, ரயிலில் அரை மணி நேரம். டிக்கெட் அன்று முப்பது குரோனருக்குள் இருந்தது. கூட வேலை செய்த ராசனும் வந்தான். மட்டக்களப்பான். அவன் மனைவியும் அங்கேதான் காத்திருந்தாள். நாவல் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன், டெனிஷ் நூலகக் கூட்டம் என்றால் கோப்பியும் கேக்கும் தருவார்கள் என்று கேள்விப்பட்டு வந்தான். கேள்விப்பட்டது சரிதான். ஸ்டேஷனிலிருந்து நூலகம் நடக்கிற தூரம். குடை இருந்தும் நனைந்து போனோம்.

அம்மையார் குள்ளமாக, சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையில் இருந்தார். பேச்சு ஆங்கிலத்தில், நூலகப் பெண் டெனிஷில் சொன்னார். அப்பா பஸ் சாரதியாம். பதினைந்து வயதில் பள்ளிக்கூடம் நின்றுபோனது. பிறகு மரண விசாரணை நீதிமன்றத்தில் தட்டச்சு வேலை, பல வருடம். சாட்சி சொல்ல வருகிற எல்லோரும் ஒரே மாதிரிச் சொன்னார்களாம்: கதவைத் திறந்தேன், கண்டேன், பொலிஸைக் கூப்பிட்டேன். தட்டச்சில் அடித்து முடித்ததும், இந்தச் சாட்சி சொல்லாமல் விட்டது என்ன என்று யோசிப்பாராம். அந்த யோசனைதான் நாவலாகியது. விடியற்காலையில் குசினி மேசையில் எழுதி, பிறகு வேலைக்கு ஓடி, மூன்று கையெழுத்துப் பிரதிகள் திரும்பி வந்து, நாலாவதுதான் அச்சேறியது. அப்போது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. இரண்டாவது புத்தகம் வந்த பிறகும் நம்பிக்கையில்லாமல் வேலையை விடவில்லையாம். இன்றும் ஒரு நாவல் தொடங்குமுன் எல்லாச் சாட்சிகளின் வாக்குமூலத்தையும் முழுதாகத் தட்டச்சு செய்து மேசை லாச்சிக்குள் போட்டுவிடுவாராம். கதை முழுக்க அவற்றில் இல்லாததுதான் வரும். நான் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு எடுத்து ராத்திரி ராத்திரியாகப் படித்த குற்றக்கதைப் புத்தகங்கள் இப்படியா பிறந்தன!

அவர் புத்தகம் ஒன்றை அங்கேயே வாங்கிக்கொண்டு நின்ற கையெழுத்து வரிசையில் என் முறை வந்தது. எங்கிருந்து வந்தீர்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு என்ன நடந்ததோ தெரியாது. கையில் பேனையோடு ஒரு வெள்ளைக்காரர் அதைக் கேட்டால் எங்களுக்கு ஒரே பதில்தான் வரும். நிமிர்ந்து நின்று பெயர், பிறந்த திகதி, ஊர், கொழும்பு, கராச்சி, கிழக்கு பெர்லின் என்று விசாரணையில் சொன்ன அதே வசனங்களை அதே ஒழுங்கில் ஒப்பித்தேன். மனைவி வழியனுப்பினாள் என்பதும் அதில் வந்தது. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வெட்கத்தில் நிலத்தைப் பார்த்தேன்.

அவர் பேனையை வைத்துவிட்டு, இதில் எதை விட்டீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். ஒருவரும் கேட்காத கேள்வி அது. சொல்லிவிட்டேன். வசந்தி வெளியே வராததையும், அதனால் என் விண்ணப்பம் நிற்பதையும். அவர் ராசனைக் காட்டி, இவருக்கும் நிற்கிறதா என்று கேட்டார். ராசன் தலையாட்டினான். இன்னும் எத்தனையோ பேருக்கு என்றேன்.

"அப்படியென்றால் பிழை உங்கள் வாக்குமூலத்தில் இல்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நிற்கிறதென்றால், யாரோ நிறுத்துகிறார்கள்" என்றார். பிறகு, "அன்று காலை நீங்கள் மனைவியைக் காணவில்லை. அவ்வளவுதான் உங்களுக்குத் தெரியும். அவர் உங்களைப் பார்த்தாரா என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்."

புத்தகத்தில் என் பெயரை எழுதவில்லை. வசந்திக்கு, சில்க்போர்க்கில், என்று எழுதினார், அவள் அந்த வரிசையில் நிற்கிற மாதிரி.

பிறகு வழி திறந்து வசந்தி வந்து சேர்ந்தாள். விண்ணப்பங்களை நிறுத்தியது நீதி அமைச்சரேதான் என்பது அரசாங்க விசாரணையில் வெளிவந்து, இந்த நாட்டு ஆட்சியே கவிழ்ந்தது. அதைத்தான் இங்கே தமிழர் வழக்கு என்கிறார்கள். தொலைக்காட்சியில் அந்தச் செய்தியைக் கேட்டபோது எனக்கு அம்மையாரின் முகம்தான் வந்தது. ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்த மனுஷி!

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். நூலகக் கூட்டத்துக்கு முன்கூட்டியே இடம் பதியுங்கள், நேரத்துக்குப் போங்கள், இங்கே பிந்தினால் முகம் சுளிப்பார்கள். கப்பலில் போவதென்றால் கோடையிலும் ஒரு குளிர்ச்சட்டை கொண்டுபோங்கள். வசந்தியோடு நான் முதலில் போனபோது கொண்டுபோகாமல் நடுங்கினோம்.

அந்தப் பயணத்தில்தான், ரயிலில், அவள் புத்தகத்தைத் திறந்து, தன் பெயர் ஏன் இதில் இருக்கிறதென்று கேட்டாள். கடிதத்தில் கேட்கத் துணியாததை, அவள் வந்த பிறகும் வாயில் வராததை, அன்று முழுக்கச் சொன்னேன். அவள் புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னாள்:

"நான் குசினி யன்னலாலை பாத்துக்கொண்டுதான் நிண்டனான். தெரு முடக்கிலை உங்கடை சைக்கிள் செயின் கழண்டது. நீங்கள் இறங்கிக் கொழுவிப்போட்டு, கையைக் காச்சட்டையிலை துடைச்சனீங்கள்."

செயின் கழன்றதை நான் பொலிஸிடமும் சொல்லவில்லை, அம்மையாரிடமும் சொல்லவில்லை, வசந்தியிடமும்கூட.